ஆறாம் வகுப்புக்குப் போன மகள் "பழைய ஸ்கூலுக்கே போறேன்" என்று அழுகிறாள், என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வி இது: ஊரில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்த மகளை இந்த ஜூனில் டவுனில் இருக்கும் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்தீர்கள். ஊர்ப் பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை. இப்போது காலையில் எழுந்ததும் வயிறு வலிக்கிறது என்கிறாள். சாப்பாட்டு டப்பா பாதி அப்படியே திரும்பி வருகிறது. "பழைய ஸ்கூலுக்கே போறேம்மா" என்று அழுகிறாள். முதல் டெஸ்டில் மார்க்கும் குறைந்திருக்கிறது. கடன் வாங்கியாவது தனியார் பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பல வருடமாக ஆறாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருக்கிறேன். நானே கேட்டு வாங்கிக்கொள்ளும் வகுப்பு அது. ஜூன், ஜூலையில் உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளை எல்லா வருடமும் பார்க்கிறேன். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்குப் பள்ளியை மாற்ற வேண்டாம். அவளுக்குப் படிப்பு வராமல் போய்விடவில்லை. ஊர்ப் பள்ளியில் அவளை முழுசாகத் தெரிந்த ஒரு டீச்சர் இருந்தார். இங்கே ஐந்தாறு ஆசிரியர்கள் ஆளுக்கு முக்கால் மணி நேரம் அவளைப் பார்க்கிறார்கள், ஒருவருக்கும் இன்னும் அவளைத் தெரியாது. நீங்கள் எழுதிய மற்ற சிரமங்களில் முக்கால்வாசி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

அவள் எதை விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று யோசித்துப் பாருங்கள். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் நிறைய இடங்களில் இரண்டே ஆசிரியர்கள். மொத்தப் பிள்ளைகளே முப்பது, நாற்பது பேர்தான். காலையில் வந்து மாலையில் போகும்வரை அதே டீச்சர், அதே அறை. பிள்ளை முகம் வாடியிருந்தால் "ஏன்டா, சாப்பிடலையா?" என்று கேட்பார். அம்மா எந்த மில்லுக்குப் போகிறார், அப்பா ஊரில் இருக்கிறாரா, பாட்டிக்கு உடம்பு எப்படி என்று எல்லாம் அவருக்குத் தெரியும். பாயில் வட்டமாக உட்கார்ந்து, அட்டையும் படமும் வைத்துப் படித்த பிள்ளைகள் அவர்கள். எழுதி முடிக்காவிட்டால் டீச்சர் பக்கத்தில் வந்து உட்காருவார்.

அதற்கு மேல் இன்னொன்று. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அந்தப் பள்ளியில் பெரியவள். பிரேயரில் முன்னால் நின்று திருக்குறள் சொல்வாள், ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குத் தட்டுக் கழுவ உதவுவாள், சாக்பீஸ் எங்கே இருக்கிறது என்று டீச்சருக்கே எடுத்துச் சொல்வாள். மே மாத லீவு முடிந்ததும் ஆயிரம் பேர் படிக்கிற பள்ளியில் ஆகச் சின்னவளாக வந்து நிற்கிறாள். பிரேயர் வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் தெரிந்த தலை ஒன்றுகூட இல்லை.

முதல் வாரத்தில் ஆறாம் வகுப்பு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், உங்களுக்குப் புரியும். முதல் பாடவேளை முடிந்து மணி அடித்ததும் நான்கைந்து பேர் பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். ஒரு மணி அடித்தால் இன்டர்வெல், நீளமாக அடித்தால் வீட்டுக்கு. அதுதான் அவர்கள் அறிந்த கணக்கு. முக்கால் மணிக்கு ஒருமுறை அடித்து, ஒரு சார் போய் இன்னொரு மிஸ் வருவது அவர்களுக்குப் புதிது. ஒண்ணுக்குப் போக வேண்டுமென்றால் ஒன்றும் பேசாமல் சுண்டு விரலைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். ஊர்ப் பள்ளியில் டீச்சர் உடனே பார்த்துத் தலையாட்டுவார். இங்கே போர்டு பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருப்பவருக்கு அது தெரியாது. அந்த விரல் அப்படியே நிற்கும், பிறகு மெதுவாக இறங்கிவிடும். பக்கத்து பெஞ்சில் யாராவது சிரித்துவிட்டால் அந்தப் பிள்ளை அந்த வாரம் முழுக்க அனுமதியே கேட்காது.

இங்கிருந்துதான் வயிற்று வலிக்கு வருகிறேன். தயவுசெய்து அவள் நடிக்கிறாள் என்று நினைக்காதீர்கள். வலி உண்மை. காரணம் மூன்று இருக்கலாம், மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம்.

முதல் காரணம் பசி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட திட்டம் அது. உங்கள் மகள் சின்ன வகுப்பிலிருந்தே காலையில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சூடாகத் தோழிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவள். ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அது நின்றுபோயிற்று. இப்போது ஏழே கால் மணிக்கு வீட்டில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓட வேண்டும். அந்த நேரத்தில் அவளுக்குப் பசிக்கவே பசிக்காது. ஒரு டம்ளர் டீயோடு கிளம்பிவிடுவாள். பத்தரை மணிக்கு வயிறு பிசையும், தலை சுற்றும். மூன்றாவது பாடவேளையில் பெஞ்சில் தலை சாய்க்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது "காலையில என்ன சாப்பிட்ட?" என்பதுதான். ஆறாம் வகுப்பில் கவனக்குறைவு என்று எழுதப்படுவதில் எவ்வளவு வெறும் பசி என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. காலை உணவு எட்டாம் வகுப்பு வரைக்குமாவது வேண்டும் என்று கூட்டங்களில் நான் தொடர்ந்து பேசி வருகிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

நீங்கள் செய்யக்கூடியது சின்ன வேலைதான். காலையில் முழுச் சாப்பாட்டுக்கு வற்புறுத்தாதீர்கள். இரண்டு இட்லியோ, ஒரு வாழைப்பழமோ உள்ளே போனால் போதும். இன்டர்வெல்லுக்கென்று ஒரு சின்ன டப்பா தனியாகக் கொடுங்கள்: கடலை உருண்டை, அவித்த சுண்டல், ஒரு கொய்யாப்பழம், எதுவானாலும் சரி. அதைப் பத்து நிமிடத்தில் தின்றுவிட முடிய வேண்டும், பக்கத்தில் இருப்பவளுக்கும் ஒன்று கொடுக்க முடிய வேண்டும். பின்னது ஏன் என்று பிறகு சொல்கிறேன். மதியம் வீட்டுச் சாப்பாடு பாதி திரும்பி வருகிறது என்றால், அவளைச் சத்துணவில் சேர்க்கலாம். பத்தாம் வகுப்பு வரை உண்டு, வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுத்தால் போதும். சில பெற்றோர் டவுனுக்கு வந்ததும் அதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். சூடான கலவை சாதமும் முட்டையும், ஆறிப்போன டப்பா சாதத்தைவிட எத்தனையோ மேல். வரிசையில் நின்று தட்டோடு உட்காரும் இடத்தில் பேச்சுத் துணையும் கிடைக்கும்.

இரண்டாவது காரணம் கழிப்பறை. அவளிடம் இதை நேரடியாகக் கேளுங்கள், ஆனால் தனியாக, அப்பாவோ அண்ணனோ இல்லாத நேரத்தில். "ஸ்கூல்ல பாத்ரூம் போறியா? எங்க இருக்கு? உள்ள தாழ்ப்பாள் இருக்கா? தண்ணி வருதா?" ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளில் நிறையப் பேர் காலையிலிருந்து சாயங்காலம் வரை போவதே இல்லை. இன்டர்வெல்லில் பெரிய அக்காக்கள் கூட்டம் நிற்கும், இவள் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். அதனால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்வார்கள். கொண்டுபோன பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள்; அப்படி வந்தால் இதுதான் விஷயம். மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி எல்லாம் அங்கிருந்து வரும். தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை என்று அவள் சொன்னால் அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்லுங்கள். பெற்றோர்தான் அந்தக் குழுவில் பெரும்பான்மை. தாழ்ப்பாள் போடுவதற்கு யாரும் சென்னைக்கு எழுத வேண்டியதில்லை.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் பேசிவிடுங்கள். பதினொன்று, பன்னிரண்டு வயது. முதல் மாதவிடாய் பள்ளியிலேயே வந்துவிடலாம். ஆறாம் வகுப்பில் வருடத்துக்கு இரண்டு மூன்று பேருக்காவது அப்படி நடக்கிறது. முன்கூட்டித் தெரியாத பிள்ளை பயந்து நடுங்கிப்போகும். ஒரு நாப்கினும் மாற்று உள்ளாடையும் பையின் உள் ஜிப்பில் இருக்கட்டும். பள்ளியிலும் 'புதுயுகம்' திட்டத்தில் நாப்கின் கொடுக்கிறோம். எந்த மிஸ்ஸிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் பயம். பயத்தால் வரும் வயிற்று வலிக்கு ஒரு அடையாளம் உண்டு. திங்கட்கிழமை காலையில் உச்சத்தில் இருக்கும், சனிக்கிழமை காணாமல் போகும், பஸ் போய்விட்டது என்று தெரிந்ததும் லேசாகும். அப்போதும் அது பொய் வலி அல்ல. ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காய்ச்சல், வாந்தி, எடை குறைவது இதில் ஏதாவது இருந்தால் யோசிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள்.

சரி, எதைப் பார்த்துப் பயம்? பெரும்பாலும் பாடத்தைப் பார்த்து அல்ல, யாருக்கும் தன்னைத் தெரியாது என்பதைப் பார்த்துத்தான். சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் உட்காருவாள். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது "உள்ளேன் மிஸ்" என்று சொல்வதற்கு உதடு அசையும், சத்தம் வராது. கேள்வி கேட்டால் எழுந்து நின்று பாவாடை நுனியைத் திருகுவாள். எழுத்து மட்டும் அச்சுப் போல இருக்கும். ஜூலையில் அவள் அம்மா வந்தார். பேச்சுவாக்கில் சொன்னார், "அங்க மணி அடிக்கிறதே இவதான் மிஸ். டீச்சர் வாட்ச்ச இவகிட்டதான் குடுத்து வெப்பாங்க." எனக்கு அதுவரை தெரியாத சேதி. மறுநாள் வகுப்பு நோட்டுகளைச் சேர்த்து, வரிசை எண்படி அடுக்கி, ஆசிரியர் அறைக்குக் கொண்டுவரும் வேலையை அவளிடம் கொடுத்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. நோட்டு வாங்குவதற்காக அவள் எல்லோர் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, எல்லோரும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது. ஆசிரியர் அறையில் மற்ற மிஸ்களுக்கும் முகம் பழகிவிட்டது. ஆகஸ்ட் மாதம் அட்டெண்டன்ஸில் அவள் குரல் கடைசி பெஞ்ச் வரை கேட்டது.

அந்த அம்மா சொல்லியிருக்காவிட்டால் எனக்கு அது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. நாற்பது, ஐம்பது பிள்ளைகள் பத்துப் பதினைந்து ஊர்ப் பள்ளிகளிலிருந்து வருகிறார்கள். சேர்க்கைக்கு வருவது மாற்றுச் சான்றிதழும், எமிஸ் எண் என்கிற மாணவர் பதிவு எண்ணும்தான். அந்தப் பிள்ளைக்கு என்ன பிடிக்கும், எதற்கு அழும், எதில் கெட்டிக்காரி என்று ஒரு வரிகூட அதில் இருக்காது. ஐந்து வருடம் வளர்த்த டீச்சருக்குத் தெரிந்த எல்லாம் ஊர்ப் பள்ளி வாசலோடு நின்றுவிடுகிறது. நம் அமைப்பில் எனக்கு மிகப் பெரிய குறையாகப் படுவது இதுதான். அந்தக் குறையைப் பெற்றோரால் ஒரே சந்திப்பில் சரிசெய்துவிட முடியும்.

அதனால் அடுத்த வாரமே வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். காலை பிரேயர் நேரத்தில் போகாதீர்கள், அப்போது எங்களால் காது கொடுத்துக் கேட்க முடியாது. மதிய இடைவேளையின் பிற்பகுதி அல்லது பள்ளி விடும் நேரம் நல்லது. புகாரோடு தொடங்க வேண்டாம். "இவ நல்லா பாடுவா", "சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுப்பா", "கோலம் நல்லா போடுவா", "சத்தமா திட்டினா ஒரு நாள் முழுக்கப் பேச மாட்டா" என்று அவளைப் பற்றி மூன்று விஷயம் சொல்லுங்கள். அப்புறம் ஒரே ஒரு வேண்டுகோள்: "அவளுக்கு ஏதாவது ஒரு சின்ன வேலை குடுங்க." எந்த ஆசிரியரும் இதற்கு மறுக்க மாட்டார். முடிந்தால் ஊர்ப் பள்ளி டீச்சரையும் வகுப்பாசிரியரிடம் ஒரு தடவை போனில் பேசச் சொல்லுங்கள். சில டீச்சர்கள் தாங்களாகவே கூப்பிட்டு, "என் பொண்ணு ஒண்ணு உங்ககிட்ட வந்திருக்கு" என்று சொல்வார்கள். அந்தப் பிள்ளைகள் ஜூன் மாதத்திலேயே கலகலப்பாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது படிப்பு. மார்க் குறைந்ததற்கு நான் முதலில் பார்ப்பது எழுதும் வேகத்தை. தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் பென்சிலில், பயிற்சிப் புத்தகத்திலேயே எழுதிய பிள்ளைக்கு இங்கே பேனா, பாடத்துக்கு ஒரு நோட்டு. அதிலும் கட்டம் போட்டது கணக்குக்கு, நாலு கோடு இங்கிலீஷுக்கு, அதோடு ஒரு ரஃப் நோட்டு. போர்டில் எழுதுவதை அவள் பாதி எழுதும்போதே அழித்துவிடுவார்கள். பாதி எழுதிய நோட்டை வைத்துக்கொண்டு வீட்டில் படிக்க முடியாது, டெஸ்டில் எழுதவும் முடியாது. அவளுடைய அறிவியல் நோட்டை எடுத்துப் பாருங்கள். வாக்கியங்கள் நடுவில் அறுந்து நிற்கிறதா? நின்றால், ட்யூஷன் தேவையில்லை. தினமும் பத்து நிமிடம் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். இரண்டு மாதத்தில் கை ஓடும். ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர்களும் முதல் பருவத்தில் போர்டை அழிப்பதற்கு முன் "எழுதிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அழிக்க வேண்டும். கேட்பதற்கு ஐந்து நொடிதான் ஆகும்.

கண்ணையும் பார்த்துவிடுங்கள். சின்ன அறையில் பக்கத்திலிருந்து போர்டைப் பார்த்தவள் இப்போது நீள அறையில் பின்னால் உட்கார்ந்திருக்கலாம். கிட்டப்பார்வை தெரிய வருவதும் இந்த வயதில்தான். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, சாயங்காலத் தலைவலி, பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதுவது, இவை இருந்தால் அரசு மருத்துவமனையில் பரிசோதித்துவிடலாம். பள்ளி மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி கிடைக்கும் 'கண்ணொளி காப்போம்' திட்டமும் இருக்கிறது.

கணக்கைப் பற்றி மட்டும் என் பாடம் என்பதால் ஒரு வார்த்தை. இயற்கணிதம் ஆறாம் வகுப்பில்தான் முதன்முதலாக வருகிறது. இதுவரை எண்களோடு மட்டும் பழகிய பிள்ளை, திடீரென்று கணக்கில் ஆங்கில எழுத்து வந்து நிற்பதைப் பார்த்து மிரள்கிறது. அதில் தடுமாறுவது இயல்பு. வாய்ப்பாடும் வகுத்தலும் சரியாக இருக்கிறதா என்று வீட்டில் பாருங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அடிப்படையில் பின்தங்கியவர்களுக்கு 6 முதல் 9ஆம் வகுப்பு வரை 'திறன்' என்ற தனிப் பயிற்சி 2025இல் தொடங்கியிருக்கிறது. உங்கள் மகளை அதில் போட்டிருந்தால் அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவள் முன்னால் குறைவாகவும் பேசாதீர்கள். தனிக் கவனம் கிடைக்கும் இடம் அது.

மார்க்கின் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆறாம் வகுப்பில் வருடத்துக்கு மூன்று பருவம். ஒவ்வொரு பருவத்திலும் 40 மதிப்பெண் வகுப்புச் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும், 60 மதிப்பெண் பருவத் தேர்வுக்கு. நீங்கள் பார்த்தது அந்த 40க்குள் ஒரு சின்னத் துண்டு. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதும் கிடையாது. "பெயில் ஆயிடுவ" என்று வீட்டில் யாரும் மிரட்ட வேண்டாம்.

தமிழ் வழியில் படித்தவளை ஆங்கில வழிப் பிரிவில் சேர்த்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படிச் சேர்த்திருந்தால், மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு சுமை அது. அறிவியலும் சமூக அறிவியலும் ஒரே நாளில் அந்நியமாகிவிடும். இங்கிலீஷைத் தடுமாறித்தான் வாசிக்கிறாள் என்றால் தலைமையாசிரியரிடம் பேசி, அதே பள்ளியில் தமிழ் வழிப் பிரிவுக்கு மாற்றிவிடுங்கள். பருவத் தேர்வுக்கு முன்னால் செய்தால் சுலபம்.

இனி தோழிகள் விஷயம். இன்டர்வெல் டப்பாவில் இன்னொருத்திக்கும் இருக்கட்டும் என்று சொன்னது இதற்காகத்தான். ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை நிலைகொண்டுவிட்டதா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரே கேள்வி போதும்: யாரோடு சாப்பிடுகிறாள்? தனியாகச் சாப்பிடும் பிள்ளைதான் டப்பாவைப் பாதியில் மூடும். வீட்டுக்கு வந்ததும் "எவ்வளவு மார்க்?", "என்ன ஹோம்வொர்க்?" என்று தொடங்காமல், "இன்னைக்கு யாரோட சாப்பிட்ட?" என்று கேளுங்கள். ஒரு பெயர் வந்தால் அடுத்த நாளும் அந்தப் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். ஒரே பஸ்ஸில் வரும் பிள்ளை, பக்கத்து ஊர்ப் பிள்ளை யாராவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஒருத்தி போதும், கூட்டம் தேவையில்லை. பஸ்ஸில் தனியாக வரப் பயப்படுகிறாள் என்றால் உங்கள் ஊரிலிருந்து ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளையிடம் முதல் பருவம் முடியும்வரை ஒப்படைத்து அனுப்புங்கள். "அக்கா" என்று கூப்பிட ஓர் ஆள் இருந்தால் பள்ளிக்குள்ளும் தைரியம் வரும்.

பெரிய பிள்ளைகளாலும் தொல்லை இருக்கலாம். லீடர் பிள்ளை வேண்டுமென்றே போர்டில் பேர் எழுதுவது, பட்டப்பெயர் வைப்பது, பேனாவை வாங்கிக்கொண்டு தராமல் இருப்பது, இவையெல்லாம் வகுப்பாசிரியர் காதுக்குப் போனால் ஒரே நாளில் நிற்கும். இதைவிடக் கனமான ஒன்றைப் பெற்றோர் பேசத் தயங்குகிறார்கள். ஊர்ப் பள்ளியில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். டவுன் பள்ளியில் புதுப் பிள்ளையைப் பார்த்ததும் "நீ எந்த ஊரு?" என்பதற்கு அடுத்து "எந்தத் தெரு?" என்ற கேள்வி வரும். அது முகவரிக்காகக் கேட்கும் கேள்வி இல்லை என்று பதினொரு வயதுக்குத் தெரியாது. பதில் சொன்ன பிறகு பக்கத்தில் இருப்பவள் தள்ளி உட்காரும்போது புரியும். 2023இல் நாங்குநேரியில் சாதி வெறியால் ஒரு பள்ளி மாணவனை உடன் படித்தவர்களே வெட்டினார்கள். அதற்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது, 2024இல் அதன் அறிக்கையும் வந்தது. ஆனாலும் ஒவ்வொரு வகுப்பறையிலும் இதைக் கவனிக்க வேண்டியது அங்கே நிற்கும் ஆசிரியர்தான். உங்கள் மகள் அப்படி ஏதாவது சொன்னால், "கண்டுக்காத" என்று மழுப்பிவிடாதீர்கள். நேராகத் தலைமையாசிரியரிடம் போங்கள். அவள் மற்றவரை அப்படிக் கேட்கிறாள் என்று தெரிந்தால் அன்றே வீட்டில் நிறுத்துங்கள்.

ஆசிரியர் அடிக்கிறார், கேவலமாகப் பேசுகிறார் என்று சொன்னாலும் இதே போல நேராகப் போய்க் கேளுங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. பள்ளியில் பேச முடியாத நிலை என்றால் பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098.

கடைசியாகத் தனியார் பள்ளிக் கேள்வி. இப்போது மாற்றினால் அவள் இதே மாற்றத்தை ஒரே வருடத்தில் இரண்டாவது முறை சந்திக்க வேண்டும், அதுவும் ஏற்கெனவே தோழிகள் சேர்ந்து முடிந்த வகுப்பில் நடுவில் போய். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1970களில் ஓர் ஆய்வு நடந்தது. ஏழாம் வகுப்பில் பெரிய பள்ளிக்கு மாறிய பிள்ளைகளையும், எட்டு வரை ஒரே பள்ளியில் இருந்த பிள்ளைகளையும் சில வருடம் தொடர்ந்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பள்ளி மாறிய பெண் பிள்ளைகளுக்குத் தன் மேலேயே இருந்த மதிப்பு இறங்கியிருந்தது. உடம்பு மாறும் வயதும் பள்ளி மாறும் வருடமும் ஒன்றாக வந்தால் சுமை கூடுகிறது என்று அதிலிருந்து சொன்னார்கள். நம் ஊர் வேறு, காலம் வேறு. ஆனாலும் என் வகுப்பில் நான் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது. அதனால் இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்குச் சொல்கிறேன்: உங்கள் ஊரிலேயே நல்ல நடுநிலைப் பள்ளி இருந்தால், டவுன் பள்ளி பெருமைக்காக ஆறாம் வகுப்பில் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். எட்டு வரை அங்கேயே இருக்கட்டும்.

பணக் கணக்கும் பார்த்துவிடுங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. இரண்டுக்கும் அரசுப் பள்ளிப் படிப்பை ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். நடுவில் இரண்டு வருடம் தனியார் பள்ளியில் போட்டுவிட்டு, கட்ட முடியாமல் ஒன்பதாம் வகுப்பில் திரும்ப வரும் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத வாய்ப்பு போய்விடுகிறது. கடன் வாங்கிக் கட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதல் பருவத் தேர்வு முடிந்து லீவு விடும்வரை பொறுங்கள். அதற்குள் வகுப்பாசிரியரைப் பார்த்துவிட்டீர்கள், காலை டப்பா கொடுத்தீர்கள், கண்ணும் பார்த்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். லீவு முடிந்து இரண்டாம் பருவம் தொடங்கும்போது தோழி ஒருத்தியின் பெயரையாவது சொல்கிறாள், டப்பா காலியாக வருகிறது என்றால் கவலையை விட்டுவிடலாம். மார்க் பின்னாலேயே வரும். அப்போதும் வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள் லீவு போடுகிறாள், ராத்திரி தூக்கமில்லை, முன்பு ஆசையாகச் செய்த எதிலும் நாட்டமில்லை என்றால், பள்ளியில் ஏதோ நடந்திருக்கிறது, இன்னும் உங்களிடம் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது திரும்ப எழுதுங்கள். 14417க்குப் பேசினால் மனநல ஆலோசகரிடமும் கேட்கலாம்.